குழந்தைகளின் தொடர் ஆஸ்துமாவுக்கு வாய்வழி மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இன்ஹேலர் வேண்டாம் டாக்டர், சிரப்பாகவோ மாத்திரையாகவோ எழுதிக் கொடுங்கள்" என்பது குழந்தை நல மருத்துவர்கள் நாள்தோறும் கேட்கும் வேண்டுகோள். அதற்குப் பின்னால் இருக்கும் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஆஸ்துமாவுக்கு வாய்வழியே கொடுக்கப்படும் மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க முடியாது. ஒன்றுக்கு அளவான இடம் உண்டு. ஒன்று அவசரத்துக்கு இன்றியமையாதது. மற்றவை பெரும்பாலும் பழக்கத்தினாலேயே இன்னும் மருந்துச் சீட்டில் இடம்பெறுகின்றன. கீழே குறிப்பிட்டுள்ள அளவுகள் மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்கு உதவும். அவர் எழுதும் சீட்டுக்கு அவை மாற்றாகா.

என் மகளுக்கு அவ்வப்போது வீசிங் வரும். இப்போது "தொடர் ஆஸ்துமா" என்கிறார்கள். வேறுபாடு என்ன?

சளி பிடிக்கும்போது மட்டும் இளைப்பு வந்து, இடைப்பட்ட நாட்களில் குழந்தை முழு நலத்துடன் ஓடியாடினால் அதை விட்டுவிட்டு வரும் இளைப்பு என்று கருதுவார்கள். வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் இருமலோ இளைப்போ இருந்தால், இரவில் அதனால் அடிக்கடி விழித்துக்கொண்டால், விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், அது தொடர் ஆஸ்துமாவாகிறது. இந்த நிலையில் மூச்சுக்குழாயின் உட்சுவர், வெளியே எந்த அறிகுறியும் தெரியாத நாட்களிலும் அழற்சியுடனேயே இருக்கிறது. அதனால்தான் இளைப்பு வந்த பிறகு கொடுக்கும் நிவாரண மருந்தோடு, வராமல் தடுக்கும் மருந்து ஒன்றையும் நாள்தோறும் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாய்வழி மருந்துகளைப் பற்றி எழும் குழப்பத்தில் பாதி, கையிலிருப்பது இந்த இரண்டில் எந்த வகை என்று தெரியாததால் வருவது.

இன்ஹேலர் பழகிவிடும், அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்கிறார்கள். சிரப் அதைவிட மென்மையானதுதானே?

இல்லை, பல வேளைகளில் உண்மை இதற்கு நேர்மாறானது. வீட்டிலிருக்கும் சல்பியூட்டமால் சிரப் புட்டியின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பொதுவாக 5 மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் வருகிறது. அதாவது 5 மில்லிலிட்டர் சிரப்பில் இருக்கும் மருந்து, இன்ஹேலரின் 20 அழுத்தங்களில் இருப்பதற்குச் சமம். சிரப் குடலுக்குச் சென்று, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றிய பிறகே நுரையீரலைச் சென்றடைகிறது. இன்ஹேலர் மருந்து ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாய்) வழியாக நேரே மூச்சுக்குழாய்க்குப் போய்ச் சில நிமிடங்களில் வேலையைத் தொடங்குகிறது. சிரப் அதற்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சிரப் குடித்த குழந்தையின் கை நடுங்குவதும், நெஞ்சு படபடப்பதும், இரவெல்லாம் தூங்காமல் துள்ளுவதும் இதனால்தான். ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல்கள் வாய்வழி சல்பியூட்டமாலைப் பரிந்துரைப்பதில்லை. இருந்தும் நம் ஊர் மருந்துக்கடைகளில் அது புரோம்ஹெக்சின், குவைஃபெனெசின் ஆகியவற்றுடன் கலந்து "நெஞ்சுச் சளி மருந்து" என்ற பெயரில் தாராளமாகப் புழங்குகிறது.

ஸ்டீராய்டு விஷயத்திலும் இதே கதைதான். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கடும் இளைப்பு வந்து, ஐந்து நாட்களுக்கு பிரெட்னிசோலோன் என்ற வாய்வழி ஸ்டீராய்டைக் கொடுத்தால், கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் மொத்தம் 100 மில்லிகிராம் உள்ளே போகிறது. அதே குழந்தை நாளுக்கு 200 மைக்ரோகிராம் வீதம் புடெசோனைட் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலரை ஓராண்டு முழுவதும் எடுத்தாலும் 73 மில்லிகிராம்தான் ஆகும். இரண்டும் வெவ்வேறு வீரியம் கொண்ட மருந்துகள் என்பதால் எடைக்கு எடை ஒப்பிடுவது சரியான கணக்காகாது என்பது உண்மையே. ஆயினும் இன்ஹேலருக்கு அஞ்சி அதை நிறுத்தி, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வாய்வழி ஸ்டீராய்டு கொடுக்க நேர்ந்தால், எதற்கு அஞ்சினோமோ அதையே அதிகமாகக் கொடுத்தவர்களாவோம். இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குப் பக்க விளைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் நாளுக்கு 400 மைக்ரோகிராம் புடெசோனைடை நான்கைந்து ஆண்டுகள் எடுத்த குழந்தைகளை, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு அளந்து பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. அவர்களுடைய சராசரி உயரம், மருந்தில்லாத போலி இன்ஹேலர் எடுத்தவர்களைவிட ஏறத்தாழ 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தது. இந்த இழப்பை மறைக்காமல் சொல்லிவிட்டு, கட்டுப்பாடில்லாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பழகிவிடுமா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது: பழகாது.

தடுப்பு மருந்தாக வாயில் கொடுக்கக்கூடியது எது?

இன்றைய நிலையில் ஏறக்குறைய ஒன்றே ஒன்று: மான்டெலுகாஸ்ட். அழற்சியின்போது உடல் உண்டாக்கும் லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருட்கள் மூச்சுக்குழாயின் தசையைச் சுருக்குகின்றன, உட்சுவரை வீங்கச் செய்கின்றன, சளியைப் பெருக்குகின்றன. அவை சென்று பொருந்தும் ஏற்பியை மான்டெலுகாஸ்ட் அடைத்துக்கொள்கிறது. 1982-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவரான சுவீடன் நாட்டு பெங்க்ட் சாமுவேல்சன்தான், 1970-களின் இறுதியில் இந்த வேதிப்பொருட்களின் அமைப்பை வெளிப்படுத்தியவர். அந்தப் பாதையைத் தடுக்கும் மருந்தாக மான்டெலுகாஸ்டுக்கு 1998-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஸ்டீராய்டுகள் லூக்கோட்ரையீன் உற்பத்தியை அவ்வளவாக அடக்குவதில்லை என்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜாஃபிர்லுகாஸ்டை நாளுக்கு இரண்டு வேளை, வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். கல்லீரலைப் பாதிக்கும் வாய்ப்பும் உண்டு. குழந்தைகளுக்கு அதை எழுதுவது அரிது.

அப்படியானால் இன்ஹேலருக்குப் பதிலாக மான்டெலுகாஸ்டை மட்டும் கொடுத்தால் போதாதா?

சில குழந்தைகளுக்குப் போதும், பலருக்குப் போதாது. 6 முதல் 14 வயது வரையிலான, இலேசான தொடர் ஆஸ்துமா உள்ள குழந்தைகளிடம் ஓராண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. அதில் நிவாரண மருந்து தேவைப்படாத நாட்கள் மான்டெலுகாஸ்ட் பிரிவில் 84 விழுக்காடு, ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் பிரிவில் 86.7 விழுக்காடு. வேறுபாடு சிறியதுதான் என்று மாத்திரையை ஆதரிப்பவர்கள் இதைக் காட்டுவார்கள். ஆனால் அதே ஆய்விலேயே ஆஸ்துமாத் தாக்குதலுக்கு உள்ளானவர்கள் மாத்திரை எடுத்தவர்களிடையே அதிகமாக இருந்தார்கள். 2007-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருந்த நாட்கள் ஃப்ளூட்டிகசோன் எடுத்தவர்களுக்கு 64.2 விழுக்காடு, மான்டெலுகாஸ்ட் எடுத்தவர்களுக்கு 52.5 விழுக்காடு. இதனால்தான் வழிகாட்டுதல்கள் குறைந்த அளவு இன்ஹேலர் ஸ்டீராய்டை முதலிடத்திலும், மான்டெலுகாஸ்டை மாற்று இடத்திலும் வைத்திருக்கின்றன.

அந்த மாற்று இடம் எப்போது நியாயமாகிறது? இன்ஹேலரைச் சரியாக எடுக்க எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் முடியாத குழந்தைக்கு. ஆஸ்துமா இலேசாக இருந்து, கூடவே ஒவ்வாமை மூக்கடைப்பும் இருக்கும் குழந்தைக்கு. இன்ஹேலர் எடுத்தும் கட்டுப்பாடு முழுமையாக வராதபோது அதனுடன் சேர்த்துக் கொடுக்க. இந்தக் கடைசிச் சூழலிலும் முதலில் ஸ்பேசரை மாட்டச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது. முகமூடி கன்னத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுப் பிடிப்பது, அழும் குழந்தைக்குக் கொடுப்பது, இன்ஹேலரைக் குலுக்க மறப்பது ஆகிய மூன்றையும் திருத்தினாலே புதிய மருந்து தேவைப்படாமல் போவதுண்டு.

யாருக்கு மான்டெலுகாஸ்ட் நன்றாக வேலை செய்யும் என்று முன்கூட்டியே சொல்ல எளிய வழி இல்லை. நான்கு முதல் எட்டு வாரங்கள் கொடுத்துப் பார்த்து, இரவு இருமலும் நிவாரண மருந்தின் தேவையும் குறைந்தனவா என்று கணக்கெடுக்க வேண்டும். குறையவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். பலன் தராத மருந்தை "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் தொடர்வது நம்மிடம் மிகுதி.

எந்த வயதுக்கு எவ்வளவு? எப்படிக் கொடுப்பது?

ஆஸ்துமாவுக்கு 1 முதல் 5 வயது வரை 4 மில்லிகிராம், 6 முதல் 14 வயது வரை 5 மில்லிகிராம், 15 வயதிலிருந்து 10 மில்லிகிராம்; நாளுக்கு ஒரு முறை, மாலையில் அல்லது இரவில். குழந்தையின் எடையைப் பார்த்து அளவை மாற்றுவதில்லை. ஐந்து மற்றும் நான்கு மில்லிகிராம் மாத்திரைகள் மென்று தின்பதற்கு ஏற்றவாறு இனிப்பாகச் செய்யப்பட்டவை. மிட்டாய் என்று குழந்தைக்கு அறிமுகப்படுத்தாதீர்கள், டப்பாவைத் தேடிப் போய்த் தின்றுவிடும். இவற்றில் பெரும்பாலும் அஸ்பார்ட்டேம் சேர்க்கப்பட்டிருப்பதால், ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடுள்ள குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது.

மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பொட்டலத்தில் துகள்களாக வருகிறது. அதை நேரே வாயில் போடலாம். அல்லது ஒரு கரண்டி ஆறிய குழைந்த சோற்றிலோ, மசித்த காரட்டிலோ கலந்து ஊட்டலாம். சூடான உணவில் கலக்கக்கூடாது. தாய்ப்பாலிலோ குழந்தைகளுக்கான பால்மாவுக் கலவையிலோ ஒரு தேக்கரண்டி அளவில் கலக்கலாம். வேறு பானங்களில் கரைக்க வேண்டாம், ஆனால் கொடுத்த பிறகு தண்ணீர் குடிக்கலாம். பொட்டலத்தைப் பிரித்த 15 நிமிடங்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். மீதியை மூடிவைத்து மறுநாள் கொடுக்கும் பழக்கம் கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் வழக்கமான அளவை மட்டும் கொடுங்கள்.

குழந்தை வலிப்புக்காக ஃபீனோபார்பிட்டாலோ, காசநோய்க்காக ரிஃபாம்பிசினோ எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவை மான்டெலுகாஸ்டின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும்.

இந்த மாத்திரை மனநிலையை மாற்றும் என்று படித்தேன். உண்மையா?

உண்மை, இந்த மருந்தைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியும் இதுவே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 2020 மார்ச் மாதத்தில், மான்டெலுகாஸ்டின் குறிப்புத் தாளில் கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. அந்நாட்டில் ஒரு மருந்துக்குக் கொடுக்கப்படும் மிகக் கடுமையான எச்சரிக்கை வகை அது. கெட்ட கனவு, தூக்கமின்மை, எரிச்சல், மூர்க்கம், பதற்றம், மனச்சோர்வு, அரிதாகத் தற்கொலை எண்ணம் ஆகியவை அதில் குறிப்பிடப்பட்டுள்ளன. ஒவ்வாமை மூக்கடைப்புக்கு மட்டும் என்றால் வேறு மருந்துகள் பலனளிக்காதபோதே இதைப் பயன்படுத்த வேண்டும் என்றும் அந்த அமைப்பு அறிவுறுத்தியது.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இப்படி எதுவும் நேர்வதில்லை. ஆனால் நேரும்போது பெற்றோர் அதை மருந்தோடு தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை என்பதே சிக்கல். நான்கு வயதுக் குழந்தை நள்ளிரவில் அலறிக்கொண்டு எழுந்தால் "ஏதோ பயந்திருக்கிறது" என்று திருநீறு பூசிப் படுக்க வைப்பார்கள். எட்டு வயதுப் பையன் தம்பியை அடித்தால் அடம் என்பார்கள். பதினான்கு வயதுப் பெண் பேசாமல் அறைக்குள் முடங்கினால் பரீட்சைப் பயம் என்பார்கள். எனவே மருந்தைத் தொடங்கும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர் பாட்டியோ வகுப்பாசிரியரோ ஆனால் அவரிடமும் சொல்லி வையுங்கள். மருந்து தொடங்கிய சில நாட்களிலும் மாற்றம் வரலாம், சில மாதங்கள் கழித்தும் வரலாம். வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள். இதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை இல்லை. பெரும்பாலோருக்கு நிறுத்தியதும் சரியாகிவிடுகிறது. சிலருக்கு அதன் பிறகும் நீடித்ததாக அறிக்கைகள் உள்ளன. குழந்தைக்கு ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்தால், மருந்து எழுதப்படும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கடையில் கொடுத்த சளி மருந்தில் மான்டெலுகாஸ்டும் லெவோசெட்ரிசினும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. லெவோசெட்ரிசின் தும்மல், மூக்கொழுகல், அரிப்பு ஆகியவற்றுக்கான ஒவ்வாமை மருந்து; ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தும் மருந்தாக அதைக் கொள்ள முடியாது. இந்தக் கூட்டு மருந்து இந்தியாவில் எண்ணற்ற வணிகப் பெயர்களில் விற்கிறது. அதனால் ஒரு மருத்துவர் ஆஸ்துமாவுக்கு எழுதிய மான்டெலுகாஸ்டும், இன்னொருவர் சளிக்கு எழுதிய கூட்டு மருந்தும் ஒரே இரவில் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்க்காமல், அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் உட்கூறுகளைப் பாருங்கள். சாதாரணச் சளி இருமலுக்கு இந்தக் கூட்டு மருந்தைச் சீட்டில்லாமல் வாங்கிக் கொடுப்பது, மேலே சொன்ன எச்சரிக்கையைப் படித்த பிறகு, நியாயப்படுத்த முடியாத பழக்கம்.

கடும் இளைப்பின்போது பிரெட்னிசோலோன் ஐந்து நாள் எழுதினார்கள். அது ஆபத்தில்லையா?

கடும் தாக்குதலின்போது அதைக் கொடுக்காமல் விடுவதே ஆபத்து. நிவாரண இன்ஹேலருக்கு அடங்காத இளைப்பில், மூச்சுக்குழாயின் வீக்கத்தை வற்றச் செய்ய இதைப்போல வாய்வழி மருந்து வேறில்லை. வழக்கமான அளவு நாளுக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம். மேல் வரம்பு 2 வயதுக்குக் கீழ் 20 மில்லிகிராம், 2 முதல் 5 வயது வரை 30, 6 முதல் 11 வயது வரை 40. மூன்று முதல் ஐந்து நாட்கள், காலையில், சாப்பிட்ட பிறகு. பலன் தெரியச் சில மணி நேரம் ஆகும். இவ்வளவு குறுகிய காலத்துக்குக் கொடுத்ததைப் படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டாம் நாளே குழந்தை தெளிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது.

இந்த சிரப் 5 மில்லிலிட்டரில் 5 மில்லிகிராம் என்றும், 5 மில்லிலிட்டரில் 15 மில்லிகிராம் என்றும் வெவ்வேறு வீரியங்களில் கிடைக்கிறது. முன்பு வாங்கிய புட்டிக்கும் இப்போது வாங்கியதற்கும் மூன்று மடங்கு வேறுபாடு இருக்கலாம். ஆகவே "எத்தனை மில்லி" என்பதோடு "எத்தனை மில்லிகிராம்" என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அந்தச் சில நாட்களில் பசி கூடும், எரிச்சல் வரும், தூக்கம் குறையும், பிறகு சரியாகும். தொடர்ந்து மாதக்கணக்கில் கொடுத்தால் வளர்ச்சி, எலும்பு, கண், அட்ரினல் சுரப்பி எல்லாம் பாதிக்கப்படும். தொடர் ஆஸ்துமாவுக்குத் தினசரித் தடுப்பு மருந்தாக இதைக் கொடுக்க நேர்வது, சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பில் உள்ள மிகச் சில குழந்தைகளுக்கு மட்டுமே. வீட்டிலோ பள்ளியிலோ சின்னம்மை பரவியிருக்கும்போது, அது வந்திராத, தடுப்பூசியும் போடாத குழந்தைக்கு இந்த மருந்து தேவைப்பட்டால், அந்தச் செய்தியை மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மை என்று வெளியே சொல்லத் தயங்கும் வீடுகளில் இது விடுபட்டுப் போகிறது.

ஆண்டில் இரண்டாம் முறையாக இது தேவைப்பட்டால், தடுப்பு மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி.

பழைய சீட்டில் டெரிஃபிலின் இருக்கிறது. அதையே தொடரலாமா?

அதில் இருப்பவை தியோபிலினும் அதன் உறவு மருந்தான எட்டோஃபிலினும். காப்பியில் உள்ள காஃபீனுக்கு நெருங்கிய வேதிப்பொருள் தியோபிலின். 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி ஹைட் சால்ட்டர் என்ற ஆங்கில மருத்துவர், தாமே ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர், வெறும் வயிற்றில் கடுங்காப்பி குடிப்பதைச் சிறந்த மருந்தாகச் சொல்லியிருக்கிறார். அது முழுக்கவும் கற்பனை இல்லை. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தியோபிலினில் இடைவெளி மிகக் குறைவு. காய்ச்சல் வந்தாலோ, எரித்ரோமைசின் அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் சேர்ந்தாலோ இரத்தத்தில் அதன் அளவு ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். இரத்த அளவைச் சோதிக்கும் வசதி எல்லா ஊர்களிலும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. குழந்தைகளுக்கு இதை வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்காமல் மருத்துவரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கெட்டோடிஃபென் சிரப்?

ஒரு காலத்தில் பரவலாக எழுதப்பட்டது. பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும். தூக்கக் கலக்கம் தரும், எடை கூட்டும். இன்று ஆஸ்துமாவில் அதற்கு இடமில்லை.

ஆடாதொடை மணப்பாகு, தூதுவளை, ஹைதராபாத் மீன் மருத்துவம் ஆகியவற்றை முயன்று பார்க்கலாமா?

ஆடாதொடையைக் கேலி செய்வதற்கில்லை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து உருவாக்கப்பட்டவைதான் புரோம்ஹெக்சின், அம்ப்ராக்சால் ஆகிய சளி இளக்கிகள். ஆயினும் சளியை இளக்குவது வேறு, ஆஸ்துமாவின் அழற்சியைத் தணிப்பது வேறு. தகுதிபெற்ற சித்த மருத்துவர் கொடுப்பதை, குழந்தை நல மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டு, தடுப்பு மருந்தை நிறுத்தாமல் கொடுக்கலாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் மட்டும் எவ்வடிவிலும் கூடாது. லேபிள் இல்லாத பொடியோ உருண்டையோ ஒரே நாளில் இளைப்பை மாயமாக்கினால் மகிழ வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று ஐயப்பட இடமுண்டு.

ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மிருகசீரிட நாளையொட்டி உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மூலிகைப் பசையை வைத்து விழுங்கச் செய்கிறார்கள். சைவர்களுக்கு வெல்லத்தில் வைத்துக் கொடுப்பதும் உண்டு. பலன் நிறுவப்படவில்லை. மூச்சுத் திணறும் குழந்தையின் தொண்டைக்குள் உயிருள்ள மீனை அனுப்புவதை எந்த விதத்திலும் பரிந்துரைக்க இயலாது.

எவ்வளவு காலம் கொடுக்க வேண்டும்?

மூன்று மாதங்கள் நல்ல கட்டுப்பாட்டில் இருந்த பிறகு மருந்தைக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். எந்தப் பருவத்தில் குறைக்கிறோம் என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, வைரஸ் காய்ச்சலும் சளியும் பள்ளிகளில் சுற்றும் ஐப்பசி, கார்த்திகையில் குறைப்பதைவிட, குழந்தைக்கு வழக்கமாகத் தொல்லை குறைவாக இருக்கும் மாதங்களில் குறைப்பது நல்லது. குறைத்த பிறகு ஓரிரு மாதங்களுக்கு இரவு இருமலைக் கவனியுங்கள். முதலில் திரும்புவது அதுதான்.

எந்த நிலையில் வீட்டு மருந்தை நம்பாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாரித்தால், சோர்ந்து துவண்டால் உடனே போக வேண்டும். சத்தமாக இருந்த வீசிங் திடீரென அடங்கி, குழந்தையும் அயர்ந்து போனால் அதைக் குணமென்று எண்ணிவிடாதீர்கள். காற்று உள்ளே போகவே முடியாத நிலையாக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குழந்தையை உட்கார்ந்த நிலையில் வைத்து, மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுங்கள். மான்டெலுகாஸ்ட் மாத்திரையோ சளி சிரப்போ அந்த நேரத்தில் உதவாது.